ஈரத்தில் நின்று வாடும் செடி: செடியின் மூச்சுக் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் கொட்டிவிட்டு, ஐந்தாம் நாள் சுள்ளென்று வெயில் அடிக்கும். அன்று மதியம் மாடிக்குப் போனால் கறிவேப்பிலைச் செடி துவண்டு நிற்கும். மண்ணைத் தொட்டால் சொதசொதவென்று இருக்கும். ஆனாலும் கை தன்னால் வாளியைத் தேடும். வாடிய செடிக்குத் தண்ணீர் ஊற்றித்தானே நமக்குப் பழக்கம்? நானும் அப்படி ஊற்றினேன். ஆறு வருடம் வளர்த்த செடி பத்தே நாளில் போய்விட்டது. பிடுங்கிப் பார்த்தபோது வேரின் தோல் விரலோடு உருவி வந்தது, உள்ளே நூல் மாதிரி ஒரு நடுநரம்பு மட்டும் மிஞ்சியிருந்தது. சாக்கடை வாடை. தண்ணீருக்கு நடுவில் நின்று அந்தச் செடி மூச்சு முட்டிச் செத்திருந்தது.

இலைதான் ஆக்சிஜன் தயாரிக்கிறதே, செடிக்கு எப்படி மூச்சு முட்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கீழே வரும் எல்லா அறிகுறிகளுக்கும் சாவி அதன் பதிலில்தான் இருக்கிறது.

வெயில் பட்ட இலை தண்ணீரைப் பிளக்கிறது. அதில் வரும் ஹைட்ரஜனைக் கொண்டு கார்பன் டை ஆக்சைடைச் சர்க்கரையாக்குகிறது. மிஞ்சும் ஆக்சிஜன் இலைத்துளை வழியாக வெளியே போகிறது. அந்த ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருவதில்லை, தண்ணீரிலிருந்தே வருகிறது என்பதை 1941-இல் ரூபனும் கேமனும் கனமான ஆக்சிஜன் அணுக்களை வைத்துக் காட்டினார்கள். இது பகலில், பச்சையம் இருக்கும் இடத்தில் மட்டும் நடக்கிற வேலை. இன்னொரு வேலையும் உண்டு. செடியின் உயிருள்ள ஒவ்வொரு செல்லும், இலையானாலும் தண்டானாலும் வேரானாலும், இரவு பகல் பாராமல் சர்க்கரையை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்துத்தான் பிழைக்கிறது. நம்மைப் போலவே சுவாசிக்கிறது.

நமக்கு ரத்தம் இருக்கிறது. நுரையீரல் இழுத்த காற்றைக் கால் சுண்டுவிரல் வரை அது கொண்டுபோய்ச் சேர்க்கும். செடியில் இலையிலிருந்து வேருக்குச் சர்க்கரை இறங்கக் குழாய் இருக்கிறது. ஆக்சிஜனை அப்படி இறக்கிவிட ஏற்பாடு இல்லை. ஆகவே வேர் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன்னைச் சுற்றியிருக்கும் மண்ணின் இடுக்குகளிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். நெல்லும் தாமரையும் இதற்கு விலக்கு, அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

மண் இடுக்கில் காற்று இருந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும்? காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். 30 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீருக்குள் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜன் ஏழரை மில்லிகிராம்தான். அதே ஒரு லிட்டர் காற்றில் 270 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். தேங்கிய தண்ணீரில் இருக்கும் கொஞ்சத்தையும் வேரும் மண்ணின் நுண்ணுயிர்களும் சேர்ந்து, நம் ஊர்ச் சூட்டில், ஒரு நாளுக்குள் காலி செய்துவிடும்.

இனி உங்கள் செடியில் தெரிகிற அறிகுறியைப் பாருங்கள்.

அறிகுறி: மண் ஈரமாக இருக்கிறது, செடி வாடுகிறது

முதலில் இது உண்மையான தாகம் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். மேல்மண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மேலே காய்ந்து அடியில் சேறாக இருக்கும் தொட்டிகள் நிறைய. ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு விடுங்கள். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். காய்ந்த தொட்டி கைக்கு லேசாக வரும், நனைந்தது கல்லாகக் கனக்கும். தாகத்தால் வாடிய செடி தண்ணீர் ஊற்றிய சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். மூச்சு முட்டிய செடி நிமிராது, சாயங்காலம் கொஞ்சம் தெளிந்து மறுநாள் மதியம் முன்பைவிட மோசமாகத் துவளும்.

தண்ணீரில் நிற்கும் வேருக்குத் தண்ணீர் ஏறாமல் போவது விசித்திரமாகத் தோன்றும். ஆக்சிஜன் இருக்கும்போது ஒரு சர்க்கரை மூலக்கூறிலிருந்து செல் முப்பது ஏடிபி (செல்லுக்குள் ஆற்றலைச் சுமக்கும் மூலக்கூறு) அளவுக்கு ஆற்றல் எடுக்கிறது. ஆக்சிஜன் இல்லையென்றால் நொதித்தல் மட்டும்தான் வழி, கிடைப்பது இரண்டு ஏடிபி. சர்க்கரை மளமளவென்று கரைகிறது, ஆற்றலோ கைக்கும் வாய்க்கும் எட்டவில்லை. செல்லுக்குள் அமிலத்தன்மை ஏறுகிறது. அது ஏறியதும் வேர் செல்களின் சவ்வில் தண்ணீர் நுழையும் புரத வாசல்கள் மூடிக்கொள்கின்றன. வெளியே வெள்ளம், உள்ளே வறட்சி.

மழை விட்டு வெயில் அடித்ததும்தான் இது அம்பலமாகும். மழை நாளில் இலைக்குத் தண்ணீர் அதிகம் தேவைப்படாது. வெயில் வந்ததும் இலை இழுக்கிறது, வேர் தர முடியாமல் நிற்கிறது. போதாதற்குச் சூடு ஏற ஏற வேரின் சுவாசத் தேவை கூடும், தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். கறுப்பு குரோ பேக் மாடித் தளத்தின் மேல் நேராக உட்கார்ந்திருந்தால் இந்த இரண்டும் சேர்ந்து அடிக்கும். மழைக்குப் பின் வெயிலில் மிளகாய்ச் செடி ஒரே மதியத்தில் சாய்வதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

உடனே செய்ய வேண்டியவை:

தொட்டிக்கு அடியில் தட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். துளை அடைத்திருக்கிறதா என்று ஒரு குச்சியை விட்டுக் குத்திப் பாருங்கள். பிறகு தொட்டியை ஒரு செங்கல்லின் மேல் சாய்த்து, துளை தாழ்ந்த பக்கம் வரும்படி அரை மணி நேரம் வையுங்கள். "சொட்டி முடிந்துவிட்டது" என்று நினைத்த தொட்டியிலிருந்து இன்னும் ஒரு டம்ளர் தண்ணீராவது இறங்கும். ஏன் என்று பார்க்க வீட்டில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை எடுங்கள். நன்றாக நனைத்துப் படுக்கை வசமாகப் பிடியுங்கள். சொட்டு நின்றதும் அதை அப்படியே செங்குத்தாகத் திருப்புங்கள், மறுபடி சொட்டும். எந்தத் தொட்டி மண்ணிலும் அடியில் சில விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் வடியாமல் தங்கித்தான் நிற்கும். சாய்த்தால் அந்த ஈரப்பட்டையின் அளவு சுருங்கும்.

இதனால்தான் அடியில் கூழாங்கல்லோ ஓட்டுச்சில்லோ நிறையப் போட்டால் வடிகால் நன்றாக இருக்கும் என்ற பரவலான ஆலோசனையை நான் ஏற்பதில்லை. ஈரப்பட்டை கல்லுக்கு மேல் ஏறி நிற்குமே தவிர மறையாது. வேருக்குக் கிடைக்கும் காற்றுள்ள மண்தான் அந்த அளவுக்குக் குறையும். துளை வழியே மண் போகாமல் இருக்க ஒரே ஒரு சில்லு போதும்.

செடியை இரண்டு மூன்று நாள் நிழலில் வையுங்கள். இலையின் இழுப்பு குறையட்டும். உரம் போடாதீர்கள். உப்பை உள்ளே இழுக்க வேருக்கு ஆற்றல் வேண்டும், அதுதான் இப்போது இல்லை. போட்ட உரம் வேரைச் சுற்றி உப்பாக நின்று இருக்கிற கொஞ்சம் தண்ணீரையும் ஏறவிடாது. ஹைட்ரஜன் பெராக்சைடைக் கரைத்து ஊற்றச் சொல்கிறவர்கள் உண்டு. அது சிதைந்து ஆக்சிஜன் தருவது உண்மைதான், ஆனால் சீக்கிரமே தீர்ந்துவிடும். தேங்கல் அப்படியே இருக்க அதை ஊற்றிப் பயனில்லை.

மூன்று நாளில் தேறவில்லையென்றால் செடியைத் தொட்டியிலிருந்து உருவி வேரைப் பாருங்கள். தயங்க வேண்டாம். வெள்ளையாக அல்லது வெளிர் பழுப்பாக, கிள்ளினால் நொறுக்கென்று உடைந்தால் வேர் உயிரோடு இருக்கிறது. பழுப்பாகிக் கொழகொழவென்று தோல் உருவினால் செத்துவிட்டது. செத்ததையெல்லாம் சுத்தமான கத்தரியால் வெட்டுங்கள். பித்தியம், பைட்டோப்தோரா போன்ற நோய்க்கிருமிகளின் வித்துகள் தண்ணீரில் நீந்தி வருபவை, மூச்சு முட்டிச் சோர்ந்த வேரைத்தான் முதலில் பிடிக்கும். எவ்வளவு வேர் போயிற்றோ அந்த அளவுக்கு மேலே கிளையையும் கவாத்து செய்யுங்கள். பழைய பெரிய தொட்டியில் திரும்ப வைக்காமல், மிஞ்சிய வேருக்கு ஏற்ற சிறிய தொட்டியில் வையுங்கள். குறைந்த வேருக்குப் பெரிய தொட்டி என்றால் அந்த மண்ணின் ஈரத்தை உறிஞ்ச ஆளில்லை.

கலவை: செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, நன்றாக மக்கிய உரம் ஒரு பங்கு, அதோடு அரைப் பங்கு உமி. மெல்லிய மணலைக் களிமண்ணோடு சேர்க்க வேண்டாம், செங்கல் மாதிரி இறுகிவிடும். தண்ணீர் வடிந்து முடிந்த பிறகும் மண்ணின் மொத்தக் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்காவது காற்று இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் பெரும்பாலான செடிகளின் வேர் திணறத் தொடங்கும்.

அறிகுறி: தக்காளி வாடவில்லை, ஆனால் இலைக்காம்பு கீழ்நோக்கி வளைகிறது

இதை நிறையப் பேர் வாட்டம் என்று நினைக்கிறார்கள். கிட்டப் போய்ப் பாருங்கள். வாடிய இலையைத் தொட்டால் துணி மாதிரி இருக்கும். இது அப்படியில்லை, இலை விறைப்பாக நீர்க்கட்டோடு இருக்கும், காம்பு மட்டும் தண்டை ஒட்டிக் கீழே இறங்கியிருக்கும். விரலால் மேலே தூக்கினால் வில் மாதிரித் திரும்பிக்கொள்ளும்.

வேரில் ஆக்சிஜன் இல்லை என்று செடி மேலே அனுப்பிய தந்தி இது. எத்திலீன் என்ற வாயு ஹார்மோனைச் செடி படிப்படியாகச் செய்கிறது. கடைசிப் படிக்கு ஆக்சிஜன் தேவை. மூச்சு முட்டிய வேரில் அந்தப் படி நடக்காது, அதற்கு முந்தைய பொருள் வேரிலேயே குவியும். குவிந்தது சாற்றோடு சேர்ந்து மேலே ஏறும். இலைக்குப் போனதும் அங்கே ஆக்சிஜன் தாராளம், உடனே எத்திலீனாக மாறிவிடும். காம்பின் மேல்பக்கம் வேகமாக நீள, காம்பு கீழே மடியும். 1980-இல் பிராட்ஃபோர்டும் யாங்கும் தண்ணீர் தேங்கிய தக்காளியின் சாற்றிலேயே அந்த முந்தைய பொருளைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள்.

எனக்கு இந்த அறிகுறி மேல் தனிப் பிரியம். வேர் அழுகுவதற்கு முன்பே, தேங்கிய ஓரிரு நாளிலேயே இது தெரிந்துவிடும். இந்தக் கட்டத்தில் தண்ணீரை வடித்துவிட்டால் செடி பிழைத்துக்கொள்ளும். தண்டின் அடியில் சின்னச் சின்ன முண்டுகள் கிளம்புகின்றனவா என்று பாருங்கள். காற்றுக்குப் பக்கத்தில் புது வேர் விடச் செடி எடுக்கும் முயற்சி அது. அதற்கு உதவியாகத் தண்டடியில் லேசான மக்கு உரக் கலவையை இரண்டு விரல் உயரம் அணைத்துவிடலாம். ஈர மண்ணை அணைத்தால் கெடும்.

அறிகுறி: மழைக்குப் பின் அடி இலைகள் மட்டும் மஞ்சளாகின்றன

பெரும்பாலும் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், போய்விட்டது என்று பொருள். ஆக்சிஜன் தீர்ந்ததும் மண்ணின் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைக் கொண்டு மூச்சு விடத் தொடங்கும், அது நைட்ரஜன் வாயுவாகி மேலே பறந்துவிடும். செடி அடி இலையில் இருந்ததை எடுத்துக் குருத்துக்கு அனுப்பும். மண் வடிந்து, புதுத் தளிர் கண்ணில் பட்ட பிறகு நீர்த்த கடலைப் பிண்ணாக்குக் கரைசலோ மண்புழு உரமோ கொடுங்கள். அதற்கு முன் வேண்டாம்.

அறிகுறி: மண்ணில் அழுகிய முட்டை நாற்றம்

நைட்ரேட்டும் தீர்ந்துவிட்டது. நுண்ணுயிர்கள் அடுத்து மாங்கனீசு, இரும்பு என்று ஒவ்வொன்றாகப் பிடித்து, கடைசியில் சல்ஃபேட்டுக்கு வந்து நிற்கின்றன. அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் அந்த நாற்றம். அது வேருக்கு நஞ்சு. தொட்டியில் இந்த வாடை வந்தால் அநேகமாக இரண்டில் ஒன்று: துளை அடைத்திருக்கும், அல்லது பச்சைச் சாணமும் மக்காத காய்கறிக் கழிவும் உள்ளே போயிருக்கும். மக்காத பொருள் மண்ணுக்குள் மக்கும்போது வேரின் பங்கு ஆக்சிஜனைத்தான் எடுத்துக்கொள்ளும். நல்ல எண்ணத்தோடு சமையலறைக் கழிவைச் செடியடியில் புதைக்கிறவர்கள் தயவுசெய்து அதைத் தனிப் பானையில் மக்கவைத்த பிறகு போடுங்கள். நாற்றம் வந்த மண்ணை முழுதாக மாற்றிவிடுவதே நல்லது. எடுத்த மண்ணை வெயிலில் பரப்பிக் காயவிட்டுக் கிளறினால் மறுபடி பயன்படும்.

வயலில் இருப்பவர்களுக்கு ஒரு சோதனை. நெற்பயிரைத் தூரோடு பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். செங்காவி பூசினது மாதிரி வேர் இருந்தால் கவலை வேண்டாம். நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்றறைகள் நீளவாக்கில் ஓடுகின்றன. இலை வழியாக வந்த ஆக்சிஜன் அதில் இறங்கி, வேர் நுனியில் கொஞ்சம் கசிகிறது. கசிந்தது சேற்றில் கரைந்திருக்கும் இரும்பைத் துருவாக்கி வேர் மேல் படிய வைக்கிறது. அந்தக் காவி நிறம் வேர் மூச்சு விடுகிறது என்பதற்கு அத்தாட்சி. வேர் கறுத்து நாற்றமடித்தால் சல்ஃபைடு மிஞ்சிவிட்டது. தண்ணீரை வடித்து வயலைக் கொஞ்சம் காயவிடுங்கள். நம் விவசாயிகள் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று சொல்லும் முறைக்கு இதுதான் அடிப்படை. துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் புதைத்து, மண்மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே தண்ணீர் இறங்கிய பிறகு திரும்பப் பாய்ச்சினால் போதும். பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடாதீர்கள்.

பயிர் தலை முழுகிவிட்டால் கதை வேறு. காற்றறை இருந்தும் மேலே காற்றைத் தொட இலை இல்லை. சாதாரண ரகம் தண்ணீருக்கு மேல் தலைநீட்ட அவசரமாக வளர்ந்து, இருக்கும் சர்க்கரையைச் செலவழித்து, வெள்ளம் வடிந்ததும் துவண்டு விழும். ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற நாட்டு நெல்லின் வழியில் வந்த சப்-1 மரபணு இதற்கு எதிர்மாறாகச் செய்கிறது. வளர்ச்சியை நிறுத்தி, சர்க்கரையைச் சேமித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு வாரம் வரை தாங்குகிறது. டெல்டாவில் முழுகும் பள்ளக்கால் வயல் உள்ளவர்கள் அந்த மரபணு சேர்த்த சி.ஆர். 1009 சப்-1 விதையைக் கேட்டு வாங்குவதற்கு இதுவே காரணம்.

அறிகுறி: விதை முளைக்கவில்லை, தோண்டினால் அழுகியிருக்கிறது

முளைக்கும் விதைக்கு இலை கிடையாது. தன்னிடம் சேமித்த மாவையும் எண்ணெயையும் எரித்துத்தான் எழுந்திருக்க வேண்டும், எரிக்க ஆக்சிஜன் வேண்டும். அவரை, பீன்ஸ், வெண்டை விதைகளை ராத்திரி ஊறப்போட்டு மறுநாள் சாயங்காலம் வரை மறந்துவிட்டால் பாதி விதை அதிலேயே போய்விடும். ஆறிலிருந்து எட்டு மணி நேரம் போதும். விதையின் பருமனைப்போல் இரண்டு மடங்கு ஆழத்துக்கு மேல் புதைக்காதீர்கள். தண்ணீரைப் பூவாளியில் தெளியுங்கள், குழாயைத் திறந்துவிட்டால் மேல்மண் ஓடு மாதிரி இறுகிக் காற்றை அடைத்துவிடும்.

நம் வீட்டுப் பெண்களுக்கு இது காலகாலமாகத் தெரிந்த விஷயம். பாசிப்பயறை ஊறவைத்த பிறகு தண்ணீரை வடித்து, ஈரத்துணியில் மூட்டையாகக் கட்டித் தொங்கவிடுவார்கள். தண்ணீரிலேயே கிடந்தால் நுரைத்துப் புளித்துவிடும். மறுநாள் காலை அந்த மூட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். பயறு விட்ட மூச்சின் சூடு அது. விதைநெல்லை ஊறவைத்துச் சாக்கில் கட்டி வைக்கும்போதும் இதே சூடு தெரியும். நெல் மட்டும் தண்ணீருக்கடியிலும் முளைக்கும் திறன் உள்ளது. ஆனால் அப்போது குருத்தை மூடியிருக்கும் உறை மட்டும் வெளுப்பாக நீளும், வேர் வராது. வேர் வரக் காற்று பட வேண்டும்.

அறிகுறி: பாட்டில் தண்ணீரில் வைத்த மணி பிளாண்ட் வேர் வழுக்குகிறது

தண்ணீரை வாரம் ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். வேரின் மேல் பகுதி மூன்றில் ஒரு பங்காவது தண்ணீருக்கு வெளியே காற்றில் இருக்கட்டும், கழுத்து வரை நிரப்பாதீர்கள். பாட்டில் பச்சையாகிறது என்றால் வெளிச்சம் படுகிறது, காகிதம் சுற்றுங்கள். தண்ணீரில் மூழ்கிய இலைகளைக் கிள்ளிவிடுங்கள், அவைதான் முதலில் அழுகும்.

அறிகுறி: தாமரைத் தொட்டியில் மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன

மதியம் பார்த்தால் எல்லாம் நன்றாக நீந்தும். தண்ணீரில் செடியும் பாசியும் நிறைய, பிறகு எப்படி ஆக்சிஜன் குறையும் என்று குழம்புவீர்கள். நிறைய இருப்பதுதான் பிரச்சினை. பகலில் பாசி தரும் ஆக்சிஜன் தண்ணீர் தாங்கும் அளவையும் மிஞ்சி நிற்கும், மிகுதி காற்றோடு போய்விடும். இருட்டியதும் தயாரிப்பு நிற்கிறது. பாசி, செடி, மீன், அடிச்சேற்றின் நுண்ணுயிர் எல்லாம் ஒரே பானையிலிருந்து இரவு முழுக்க எடுக்கின்றன. சூரியன் வருவதற்குச் சற்று முன் அளவு அடிமட்டத்துக்குப் போகும். லிட்டருக்கு மூன்று மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான மீன்கள் திணறும். முந்தைய நாள் மேகமூட்டம் என்றால் கணக்கு இன்னும் மோசம், பகல் சேமிப்பே குறைவு.

இன்றைக்கு: ஒரு குவளையால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருங்கள், அல்லது மீன் தொட்டி ஏரேட்டரை நடு இரவிலிருந்து விடியும் வரை ஓடவிடுங்கள். அன்று தீனி போடாதீர்கள், செரிமானத்துக்கும் ஆக்சிஜன் வேண்டும். இந்த வாரத்துக்குள்: பாசியில் பாதியை அள்ளுங்கள், முழுதாக அள்ள வேண்டாம். தண்ணீர்ப் பரப்பில் பாதிக்கு மேல் இலை மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உதிர்ந்த இலைகளை எடுங்கள். பாசிக் கொல்லி மருந்து ஊற்றி ஒரே நாளில் எல்லாப் பாசியையும் கொல்வது மிகப் பெரிய தவறு. செத்த பாசி அழுகும்போது மிச்ச ஆக்சிஜனும் போய், காலையில் மீன்கள் மிதக்கும்.

தாமரைக்கு இதில் ஆபத்தில்லை. ஒரு இலைக்காம்பை ஒடித்து முனையைப் பாருங்கள், துளைகள் தெரியும். இலை பிடித்த காற்று அந்தத் துளைகள் வழியே சேற்றுக்கடியில் இருக்கும் கிழங்கு வரை இறங்குகிறது. பிச்சாவரத்தின் அலையாத்தி மரங்கள் இதையே வேறு விதமாகச் செய்கின்றன, சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மூச்சுவேரை மேலே நீட்டி வைத்திருக்கின்றன.

அறிகுறி: படுக்கையறையில் செடி வைத்ததிலிருந்து மூச்சு முட்டுவது போல் இருக்கிறது

செடி இரவில் ஆக்சிஜன் எடுப்பது உண்மை. எவ்வளவு என்று பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் இலைப்பரப்பு, அதாவது பல தொட்டிச் செடிகள் சேர்ந்தது, ஒரு இரவில் எடுப்பது ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆக்சிஜன். சும்மா படுத்திருக்கும் ஒரு ஆள் நிமிடத்துக்குக் கால் லிட்டர் எடுக்கிறார், பன்னிரண்டு மணி நேரத்துக்கு 180 லிட்டர். பக்கத்தில் படுத்திருப்பவருக்குச் செடி எந்த வகையிலும் போட்டியில்லை. மூச்சு முட்டினால் ஜன்னலைத் திறந்துவையுங்கள், தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

எதிர்ப்பக்க நம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். ஸ்நேக் பிளாண்டும் அரசமரமும் இரவில் ஆக்சிஜன் தரும் என்று சொல்வார்கள். ஸ்நேக் பிளாண்ட் போன்றவை இரவில் இலைத்துளையைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கிச் சேமிப்பது சரி. ஆனால் தண்ணீரைப் பிளந்து ஆக்சிஜன் விட வெளிச்சம் வேண்டும், இருட்டில் எந்தச் செடியும் அதைச் செய்யாது. ஒரு ஆளின் ஒரு நாள் தேவையைச் செடியால் ஈடுகட்ட வேண்டுமென்றால், நல்ல வெயிலில் நாள் முழுக்க வேலை செய்யும் முப்பது சதுர மீட்டருக்கு மேற்பட்ட இலை வேண்டும். வீட்டுக்குள் இருக்கும் வெளிச்சத்தில் அதைப்போலப் பல மடங்கு. செடி வையுங்கள், கண்ணுக்கும் மனசுக்கும் நல்லது. ஆக்சிஜன் தரும் என்று கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

அறிகுறி: பள்ளிச் சோதனையில் ஹைட்ரில்லா குமிழி விடவில்லை

பீக்கரில் தண்ணீர், புனலுக்கடியில் ஹைட்ரில்லா, மேலே கவிழ்த்த சோதனைக்குழாய். புத்தகத்தில் குமிழி வரிசையாக ஏறும், மேசையில் ஒன்றும் நடக்காது. பிள்ளைகள் முகம் வாடிப்போவதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

குமிழியே இல்லை என்றால் முதலில் தண்ணீரைச் சந்தேகியுங்கள். கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீரிலும் காய்ச்சி வடித்த தண்ணீரிலும் கார்பன் டை ஆக்சைடு மிகக் குறைவு, இலைக்கு மூலப்பொருள் இல்லை. குளத்துத் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ எடுங்கள், ஒரு சிட்டிகை சமையல் சோடா கரையுங்கள். சிட்டிகைதான், ஸ்பூன் அல்ல. அடுத்து தண்டு. முந்தின நாள் பிடுங்கி வாளியில் சோர்ந்து கிடந்தது வேண்டாம். அன்று எடுத்த தளதளப்பான நுனித் தண்டுகளைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துச் சாய்வாக வெட்டி, வெட்டுமுனை மேலே பார்க்கும்படி புனலுக்குள் வையுங்கள். உள்ளே உண்டாகும் வாயு தண்டின் காற்றறை வழியாக வந்து வெட்டுமுனையில்தான் வெளிப்படும். முனை நசுங்கியிருந்தால் வழி அடைத்துவிடும், அரை சென்டிமீட்டர் புதிதாக வெட்டுங்கள். கடைசியாக வெளிச்சம். வகுப்பறை டியூப்லைட் போதாது. வெயிலில் வையுங்கள், தண்ணீர் சூடேறாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

குமிழி வருகிறது, ஆனால் கண்ணாடிச் சுவர் முழுக்க ஒட்டியிருக்கிறது என்றால் அது செடி தந்தது அல்ல. குளிர்ந்த தண்ணீர் சூடாகும்போது கரைந்திருந்த காற்று பிரிகிறது. செடியின் குமிழி ஒரே புள்ளியிலிருந்து, நூல் கோத்த மணி மாதிரி, ஒரே இடைவெளியில் ஏறும். நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ண முடியும்.

வாயு சேர்ந்தும், அது ஆக்சிஜன்தானா என்று பார்க்க உள்ளே விடும் தணல் குச்சி பற்றவில்லையா? தொடக்கத்தில் சோதனைக்குழாய் முழுக்கத் தண்ணீர் இருந்ததா, மேலே காற்றுக்குமிழி தங்கியிருந்ததா என்று பாருங்கள். முதலில் வரும் வாயுவில் தண்டின் காற்றறையில் இருந்த நைட்ரஜனும் கலந்திருக்கும். அரை மணி நேரம் போகவிட்டு, குழாயைத் திரும்பத் தண்ணீரால் நிரப்பி, இரண்டாவது முறை சேர்ப்பதை எடுங்கள். நாலு விரற்கடை வாயு சேரும் வரை பொறுங்கள். குழாயின் வாயைத் தண்ணீருக்குள்ளேயே கட்டைவிரலால் அடைத்து, நிமிர்த்தி, விரலை எடுத்த அந்த நொடியிலேயே தணல் குச்சியை இறக்க வேண்டும். குச்சியில் தீ அணைந்து நுனி செக்கச்செவேலென்று இருக்க வேண்டும், சாம்பல் பூத்திருந்தால் பற்றாது.

அப்படியும் குச்சி ஏமாற்றினால் அதை விட்டுவிட்டுப் பீக்கரை ஒரு கறுப்புத் துணியால் மூடச் சொல்லுங்கள். ஒரு பிள்ளை கடிகாரம் பார்க்கட்டும், இன்னொரு பிள்ளை துணியின் ஓரத்தைத் தூக்கி எட்டிப் பார்த்து எண்ணட்டும். மணிமணியாக ஏறியது தளர்ந்து தளர்ந்து, சிறிது நேரத்தில் நின்றுவிடும். துணியை எடுத்து வெயிலில் வைத்தால் முதலில் ஒன்று, கொஞ்சம் கழித்து இன்னொன்று, பிறகு பழையபடி வரிசை. நெதர்லாந்தில் பிறந்த மருத்துவர் யான் இங்கன்ஹவுஸ் 1779-இல் இங்கிலாந்தில் தண்ணீருக்குள் இலைகளை வைத்து, வெயிலுக்கும் நிழலுக்கும் மாற்றி மாற்றிப் பார்த்தது இதைத்தான்.